ஓப்பனிங் ஸ்டாக்: இரண்டு நத்தை

திருநெல்வேலியில் இருந்துகொண்டு அல்வாவைத் தபாலில் வரவழைப்பவனை ஊர் எப்படிப் பார்க்கும்? திரேஸ்புரத்தில் இருந்துகொண்டு வீட்டுக்குள் மீன் தொட்டி வைத்தவனையும் அப்படித்தான் பார்க்கும். வாசலில் இறங்கி இரண்டு தெரு தாண்டினால் கடல். விடிந்தால் வள்ளம் கரைக்கு வரும். சாளை, ஊழி, நண்டு என்று ஏலச் சத்தம் காதைக் கிழிக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியை ஆட்டோவில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி வந்து இறங்கினேன்.

எதிர் வீட்டு அக்கா குனிந்து பார்த்தார்.

"தம்பி, இந்தச் செவப்பு மீனு என்ன வெல?"

"ஜோடி நூறு ரூபாய்க்கா."

"நூறா! ஒரு வாய்க்குக் காணுமா இது?"

பார்ப்பதற்கு மட்டும்தான் என்று சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் மனைவி பக்கம் திரும்பி அனுதாபமாகத் தலையசைத்தார்.

காரணம் என் மகன். நாலாம் கிளாஸ். கணக்கில் தொண்ணூறு வாங்கினால் மீன் தொட்டி என்று, வாங்கமாட்டான் என்ற நம்பிக்கையில், வாக்குக் கொடுத்திருந்தேன். வாங்கித் தொலைத்துவிட்டான். நான் பி.காம். நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மிச்ச நேரத்தில் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். இரண்டிலும் வரவு குறைவு, விமர்சனம் அதிகம். எதிர்பாராத செலவு வந்தால் எந்தக் கணக்கில் எழுதுவது என்று மட்டும் தெரியும். தொட்டியை 'கல்விச் செலவு' என்று எழுதினேன்.

தண்ணீர்தான் முதல் பிரச்னை. எங்கள் ஊர்க் குழாயில் வருவது வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணி. வருகிற நாளில் குளோரின் வாசனையோடு வரும். அதை வாளியில் ஒரு நாள் பிடித்து வைத்து, குளோரின் போன பிறகுதான் தொட்டியில் ஊற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். "மனுசனுக்கே தண்ணியக் காணோம், மீனுக்கு ஆற வச்சுக் குடுக்காவ" என்று தெருவில் ஒரு வாரம் பேச்சு.

மூன்றாவது வாரம் கண்ணாடியெல்லாம் பச்சை. உள்ளே மீன் இருக்கிறதா, கீரை விளைகிறதா என்று தெரியவில்லை. கடைக்காரரிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, ரெண்டு நத்தை போடுங்க. சம்பளம் கேக்காத வேலைக்காரன். போனஸும் கிடையாது."

இரண்டும் எண்பது ரூபாய். எலுமிச்சம்பழ மஞ்சள். 'மிஸ்டரி ஸ்நெயில்' என்றார். ஆப்பிள் நத்தை வகை, பூர்வீகம் தென் அமெரிக்கா. நத்தைக்கு எங்கள் பக்கம் பழைய பெயர் ஊமச்சி. ஊமச்சிக்குப் பாஸ்போர்ட் இல்லாமலே பிரேசில் பிறப்பிடம்! மகன் உடனே பெயர் சூட்டினான். ஒன்று முத்து. இன்னொன்று எக்ஸ்பிரஸ். எங்கள் ஊரில் முத்துக்குளிப்பு 1961-ஓடு முடிந்துவிட்டது. சென்னைக்குப் போகிற ரயிலின் பெயரில் மட்டும் முத்து ஓடிக்கொண்டிருந்தது. இப்போது எங்கள் தொட்டியிலும் ஊர்ந்தது.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். நத்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. கண்ணாடியில் ஏறும்போது இந்தப் பக்கம் இருந்து அதன் வாயைப் பார்க்கலாம். உள்ளே நாக்கு மாதிரி ஒரு ரிப்பன். அதில் வரிசை வரிசையாகப் பொடிப் பற்கள். பாசியை அரம் போல ராவி எடுக்கும். முன் வரிசை தேய்ந்தால் பின்னாலிருந்து புது வரிசை முளைத்து வரும். பல் டாக்டர் செலவே கிடையாது. பயந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். நிஜமாகவே கதவு. காலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகடு, ஓட்டின் வாயைக் கச்சிதமாக அடைத்துவிடும். கடன்காரர்கள் வரும்போது எனக்கும் ஒன்று இருந்தால் தேவலை.

எல்லாவற்றையும்விட அதிசயம் குழாய். இந்த வகைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. தண்ணீரில் காற்று போதாவிட்டால் மேலே ஏறி வந்து, கழுத்துப் பக்கத்திலிருந்து ஒரு குழாயை நீட்டி நுனியைத் தண்ணீருக்கு வெளியே வைக்கும். அப்புறம் உடம்பைப் பம்பு அடிக்கிற மாதிரி உள்ளேயும் வெளியேயும் அசைத்துக் காற்று இழுக்கும். ஆபீஸ் விட்டு வந்த மனிதன் ஈஸிசேரில் சாய்ந்து பெருமூச்சு விடுவது மாதிரியே இருக்கும்.

ஒரு மாதம் கண்ணாடி பளபளத்தது. இரண்டாம் மாதம் ஒரு காலையில் தொட்டியின் மூடிக்கு அடியில் ரோஸ் கலரில் ஒரு உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பபிள்கம். வேறென்ன?

மகனைக் கூப்பிட்டு விசாரணை. "நான் ஒட்டலப்பா." காதைத் திருகினேன். "சத்தியமா ஒட்டலப்பா." பொய் சொல்கிறான் என்று இன்னொரு திருகு. அழுதுகொண்டே ஸ்கூலுக்குப் போனான். சாயங்காலம் அதைச் சுரண்ட உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். பபிள்கம் காய்ந்து மணி மணியாக நின்றது. கடைக்காரருக்கு போட்டோ அனுப்பினேன்.

"வாழ்த்துகள் அண்ணாச்சி! முட்டை. எக்ஸ்பிரஸ் பொண்ணு போல."

இந்த வகையில் ஆண் வேறு, பெண் வேறு. பெண்ணை மட்டும் தனியாக வாங்கி வந்தாலும் தப்ப முடியாது. கூடிய பிறகு மாதக்கணக்கில் விந்தை உள்ளேயே சேமித்து வைத்திருக்குமாம். கடையிலேயே கல்யாணம் முடிந்து, சீர்வரிசையோடு வந்து இறங்கிவிடும். முட்டையிட மட்டும் ராத்திரியில் தண்ணீருக்கு மேலே ஏறும். மகனிடம் கால் கிலோ மக்ரூனோடு மன்னிப்புக் கேட்டேன். மக்ரூனை ஏற்றுக்கொண்டான். மன்னிப்பைப் பரிசீலனையில் வைத்திருப்பதாகச் சொன்னான்.

சுமார் மூன்று வாரத்தில் முட்டை பொரிந்தது. கடுகு கடுகாக நத்தைக் குஞ்சுகள். கூடவே இன்னொரு கூட்டமும் தெரிந்தது. கடையில் வாங்கிய நீர்ச்செடியில் ஒளிந்து, டிக்கெட் எடுக்காமல் வந்த பொடி நத்தைகள். பெயர் ஃபைசா. இவற்றில் ஆண், பெண் பேதமே இல்லை. ஒவ்வொன்றும் இரண்டும்தான். ஒன்று போதும், ஊரை நிரப்ப.

இந்த ஃபைசாவில் ஒரு விசேஷம் உண்டு. நத்தை ஓட்டின் சுருள் உச்சி மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்கப் பிடித்தால், பெரும்பாலான நத்தைகளுக்கு வாய் வலப்பக்கம் இருக்கும். ஃபைசாவுக்கு இடப்பக்கம். சங்கிலும் அப்படித்தான். சாதாரணச் சங்குக்கு வலப்பக்கம், வலம்புரிக்கு இடப்பக்கம். பின்னே ஏன் அதை வலம்புரி என்கிறோம்? சங்கை நாம் உச்சி கீழே இருக்கத் தலைகீழாகப் பிடிக்கிறோம். இடம் வலமாகிவிடுகிறது. ஆக, சுருளைக் கணக்கில் எடுத்தால் எங்கள் வீட்டு ஃபைசா அத்தனையும் வலம்புரி! சங்கில் லட்சத்தில் ஒன்று கிடைத்தால் பூஜையறையில் பட்டுத்துணியில் வைக்கிறார்கள். என் தொட்டியில் இருநூறு வலம்புரி, ஓசியில்கூட வாங்க ஆளில்லை. டிமாண்ட், சப்ளை பாடத்தை காலேஜில் மூன்று வருஷம் படித்தேன். புரிந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதம் தொட்டியில் செடி இல்லை. காம்பு மட்டும் நின்றது. சைவச் சாப்பாட்டு ஹோட்டலில் பந்தி முடிந்த இலை மாதிரி.

யோசனைகள் குவிந்தன. "உப்பப் போடுங்க மாப்பிள்ள, ஒரே நிமிசம்" என்றார் அத்தை. உப்பள ஊரில் உப்புக்கா பஞ்சம்? ஆனால் நல்ல தண்ணீர் நத்தையின் உடம்பில் இருக்கிற உப்பு, வெளித் தண்ணீரில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். வெளியே உப்பை அள்ளிக் கொட்டினால் உடம்புத் தண்ணீரெல்லாம் வெளியே இழுக்கப்பட்டுச் சுருண்டு சாகும். கூடவே செவப்பு மீனும் போகும். கணக்கு எழுதும் கடையில் ஒரு நண்பர், "செம்புக் காசு போடுங்க சார்" என்றார். செம்பு நத்தைக்கு விஷம்தான். ஆனால் தண்ணீரில் தங்கிவிடும். அப்புறம் முத்துவும் எக்ஸ்பிரஸும்கூட மிஞ்சாது.

நத்தை ஏன் இப்படிப் பெருகுகிறது என்று எல்லோரும் நத்தையைத்தான் கேட்டோம். எங்களைக் கேட்டிருக்க வேண்டும். காலையில் நான் மீனுக்குத் தீனி போடுவேன். பத்து மணிக்கு மனைவி, "பாவம், பட்டினி கெடக்கு" என்று போடுவாள். சாயங்காலம் மகன் போடுவான். ராத்திரி மறுபடி நான், பகலில் போட்டது மறந்துபோய். மீன் தின்னாமல் விட்டதெல்லாம் அடியில் போய் நத்தைக்கு விருந்து. சாப்பாடு எவ்வளவோ அவ்வளவு நத்தை. பட்ஜெட் போட்டவர்கள் நாங்கள், பழி நத்தைக்கு.

பிடிப்பதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு முட்டைக்கோஸ் இலையை உள்ளே போட வேண்டும். காலையில் இலையைத் தூக்கினால் கூட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். நாலு ராத்திரியில் நாலு இலை. வாளியில் எண்ணி விட்டேன். ஆப்பிள் நத்தைக் குஞ்சு மட்டும் 131. ஓப்பனிங் ஸ்டாக் இரண்டு என்று எழுதிய நோட்டில் இதை எழுதும்போது கை நடுங்கியது. என் வாழ்க்கையில் நான் போட்ட முதலீட்டில் இப்படிப் பெருகியது இது ஒன்றுதான்.

"கொல்லக் கூடாதுப்பா" என்றான் மகன். "தாத்தா ஊர்க் குளத்துல விட்டுரலாம். அங்க ஜாலியா இருக்கும்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. என் மாமனார் ஊர் கோரம்பள்ளம் பக்கம். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வடகாலில் வருகிற தாமிரபரணித் தண்ணீர் கோரம்பள்ளம் குளத்தில் நிறையும். அதை நம்பி வாழையும் கொஞ்சம் நெல்லும். ஞாயிற்றுக்கிழமை வாளியும் கையுமாகக் கிளம்பினோம். ஜீவகாருண்யம் வேறு, மாமியார் வீட்டுச் சாப்பாடு வேறு. ஒரே டிரிப்பில் இரண்டு புண்ணியம்.

தெருமுனையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் சங்குத் தாத்தா உட்கார்ந்திருந்தார். தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதினாறு வயசில் சங்கு குளிக்க இறங்கியவர். எழுபது தாண்டிவிட்டது. ஆழத்தின் அழுத்தத்தில் காது இரண்டும் போய்விட்டது. அவரிடம் ரகசியம் பேசினால் துறைமுகம்வரை கேட்கும்.

"வாளியில என்னய்யா தம்பி?"

"நத்தை தாத்தா!" கத்தினேன். "குளத்துல விடப் போறோம்!"

வாளியை வாங்கினார். ஒன்றை எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். சுருளைத் தடவினார். கதவைச் சாத்திக்கொண்டதும் சிரித்தார்.

"ஊமச்சி. நாங்க எடுத்ததும் இதுதானய்யா. இது நல்ல தண்ணி ஊமச்சி, அது உப்புத் தண்ணி ஊமச்சி."

ஆமாம், சங்கும் நத்தைதான். அதற்கும் கதவு உண்டு. அந்தத் தகடு ஊதுபத்தி, வாசனைச் சரக்குச் செய்ய விலைபோகும். வங்காளத்தில் கல்யாணப் பெண் போடுகிற வெள்ளை வளையலுக்கு இந்தக் கரைச் சங்கு காலங்காலமாகப் போயிருக்கிறது. ஜேம்ஸ் ஹார்னெல் என்கிற மீன்துறை அதிகாரி 1914-ல் இந்த ஒரு சங்கைப் பற்றியே தனிப் புத்தகம் எழுதினார். கோயிலில் ஊதுவது, குழந்தைக்குப் பால் புகட்டுவது, கடைசியில் நம்மை வழியனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் அதன் ஓடுதான் வருகிறது. உள்ளே இருந்தது ஒரு நத்தை என்பது மட்டும் நமக்கு ஞாபகம் வருவதில்லை.

"மணல்ல ஊர்ந்த தடம் கோடு போட்டாப்ல தெரியும்" என்றார் தாத்தா. "அதப் புடிச்சுக்கிட்டே போகணும். கால்ல அலுமினியத் தட்டக் கட்டிக்கிட்டு, மூச்சப் புடிச்சுக்கிட்டு எறங்குவோம். ஒரு மூச்சுக்கு ஒண்ணு கெடச்சாலும் உண்டு, கெடைக்காட்டியும் உண்டு. சர்க்கார் வாங்குன காலத்துல கரையில ஒருத்தர் வளையத்த வச்சுக்கிட்டு நிப்பாரு. சங்கு அந்த வளையத்துக்குள்ள பூந்து விழுந்துட்டா சின்னது. திரும்பக் கொண்டுபோய்க் கடல்ல விட்டுரணும்."

"அப்புறம்?"

"அப்புறம் வளையம் போச்சு. கம்ப்ரஸர் வந்துச்சு. வாயில குழாயக் கவ்விக்கிட்டு எம்புட்டு நேரம்னாலும் கெடக்கலாம். வட்டிக்கு வாங்குன கடன் இருந்துச்சு. சின்னது பெருசு பாக்கல. நானும் எடுத்தேன்யா. கேக்க ஆளில்ல."

அப்படி ஆழத்தில் அதிக நேரம் கிடந்தால், அழுத்தத்தில் காற்றிலிருக்கும் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடும். மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு போய்விடும். வேகமாக வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழ் விடும். கால் விளங்காமல் போனவர்கள் உண்டு. உயிரோடு வராதவர்களும் உண்டு. தாத்தாவோடு வள்ளம் ஏறியவர்களில் இரண்டு பேர் அப்படி. அதை அவர் சொல்லவில்லை. தெரு சொல்லும்.

வாளியை என்னிடம் நீட்டினார்.

"எடுக்கும்போதாவது ஒரு வளையம் இருந்துச்சு தம்பி. இத நீ கொளத்துல விடுதியே, அது பெருகுனா எந்த வளையத்த வச்சு அளப்ப?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கணக்குப் பிள்ளைக்கு இதைவிட அவமானம் வேறு கிடையாது. அங்கேயே நின்று, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்த நண்பனுக்கு போன் போட்டேன்.

"முட்டை என்ன கலர்?" என்றான்.

"ரோஸ்."

"செடியத் தின்னுதா?"

"தொடச்சு வச்சிருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எங்க நிக்கிற?"

"வாளியோட தெருவுல."

"வீட்டுக்குப் போ. ஒரு நத்தைகூட வெளிய போகக் கூடாது."

அவன் சொன்னது இதுதான். ஆப்பிள் நத்தையில் சாதுவும் உண்டு, போக்கிரியும் உண்டு. சாது அழுகிய இலையைத் தின்னும். போக்கிரி பச்சைப் பயிரைத் தின்னும். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. கடையில் கலந்து வந்தால் கடைக்காரருக்கே தெரியாது. அந்தப் போக்கிரியை 1980 வாக்கில் அர்ஜென்டினாவிலிருந்து தைவானுக்குக் கொண்டு போனார்கள். வளர்த்து, சமைத்து, ஏற்றுமதி செய்து பணம் பார்க்கலாம் என்று திட்டம். சாப்பிட்டவர்களுக்கு ருசி பிடிக்கவில்லை. வளர்த்தவர்கள் வாய்க்காலில் விட்டார்கள். வாய்க்கால் வயலுக்குப் போனது. நட்ட இளம் நாற்றை ராத்திரியோடு ராத்திரியாகத் தின்று தீர்த்தது. ஜப்பானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அதே மாதிரி தொழில் ஆசையில் போய், அங்கேயும் அதே கதை. உலகத்தின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் அதற்கு நிரந்தர இடம்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 1847-ல் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரீஷியஸிலிருந்து ஆப்பிரிக்க ராட்சத நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். நத்தை ஓடுகளை ஆராய்கிறவர், ஆசையாகக் கொண்டு வந்தார். சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. அந்த வம்சம்தான் இன்றைக்கு நாட்டின் பல பக்கங்களிலும் தோட்டங்களை மேய்கிறது. மழைக்காலத்தில் கேரளாவில் வாளி வாளியாகப் பொறுக்குகிறார்கள். நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கணக்கை யாராலும் முடிக்க முடியவில்லை. பென்சனும் என் மகனைப் போல நல்ல மனசுக்காரர்தான். கையில் வாளியும் இருந்திருக்கும்.

நம் குளங்களிலும் ஊமச்சி உண்டு. ஆனால் அதற்கு வளையம் இருக்கிறது. நத்தைகுத்தி நாரை என்று ஒரு பறவை. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தையை எடுத்துத் தின்பதற்கென்றே அமைந்த அலகு. கூந்தன்குளத்துப் பக்கம் போனால் பார்க்கலாம். அந்த ஊமச்சியும் அந்த நாரையும் எத்தனையோ ஆயிரம் வருஷமாகச் சேர்ந்து கணக்கு எழுதுகின்றன. அந்த லெட்ஜரில் நான் ஒரு வாளி போலி என்ட்ரியைக் கொட்டப் பார்த்திருக்கிறேன்.

சங்கின் கணக்கு இதற்கு நேர் தலைகீழ். அது புழு பூச்சியைத் தின்று மெதுவாக வளரும். ஆட்டுக்கொம்பு மாதிரி அறை அறையாக ஒரு முட்டைக்கூட்டை மணலில் ஊன்றி வைக்கும். உள்ளேயே வளர்ந்து, குட்டிச் சங்காகவே வெளியே வரும். முத்துச்சிப்பிக் குஞ்சு மாதிரி நீரோட்டத்தில் மிதந்து வேறு பார்களுக்குப் போகாது. பிறந்த இடத்திலேயே ஊர ஆரம்பிக்கும். ஒரு பாரில் சுரண்டி எடுத்துவிட்டால், பக்கத்துப் பாரிலிருந்து அது நடந்துதான் வர வேண்டும். நத்தை வேகத்தில். தாத்தா வளையத்தை நினைத்து ஏன் ஏங்குகிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

திரும்பி வந்து மனைவியிடம் சொன்னேன். "எங்கப்பா வயல்லயா விடப் பாத்திய?" என்று ஆரம்பித்தாள். முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அதை இங்கே எழுத இடம் போதாது.

நண்பன் சொன்ன வழி ஃப்ரீஸர். நல்ல டப்பாவில் மூடி ஒரு நாள் முழுக்க வைத்தால், குளிரில் மரத்து அப்படியே அடங்கிவிடும். பிறகு கோழிக்குப் போடலாம். ஓட்டுச் சுண்ணாம்பு கோழி முட்டைக்கு நல்லது. வீட்டில் காலியாக இருந்தது ஒரே டப்பா, வெனிலா ஐஸ்கிரீம் டப்பா. அன்று சாயங்காலம் பார்த்து அத்தை வந்திருந்தார். வெயில் வேறு. "மாப்பிள்ள நமக்குன்னு வாங்கி வச்சிருக்காரு" என்று ஸ்பூனோடு திறந்துவிட்டார். அதற்கு அப்புறம் என் வீட்டில் அவர் தண்ணீர்கூட என் மனைவி கையால்தான் வாங்கிக் குடிக்கிறார்.

அத்தையைச் சமாளித்துவிடலாம். மகனைத்தான் முடியவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "நீங்கதான் எல்லாருமா நெறையத் தீனி போட்டிய. இப்ப அதுங்களக் கொன்னுட்டிய" என்றான் கடைசியில். குற்றச்சாட்டில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பபிள்கம் கேஸிலும் அவன் சொன்னதுதான் நிஜம். இந்த வீட்டில் என் தீர்ப்புகள் எல்லாமே அப்பீலில் தோற்கின்றன.

தாத்தாவைக் கூட்டி வந்தேன். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஏலே, பொறந்ததுக்கப்புறம் கணக்குப் பாத்தா பாவந்தான். முட்டையா இருக்கையிலயே எடுத்துரணும். நீதான் காலையில எந்திச்சதும் மூடியத் தூக்கிப் பாக்கணும். அது ஒன் பொறுப்பு. செய்வியா?"

"செய்வேன் தாத்தா!" என்று காதில் கத்தினான்.

இப்போது எங்கள் வீட்டில் சட்டம் வந்துவிட்டது. தீனி ஒரு நாளைக்கு ஒரே வேளை, இரண்டு நிமிஷத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு. போடுவது மகன் மட்டும். போட்டதும் நோட்டில் டிக். ரோஸ் கலரில் எது தெரிந்தாலும் அன்றைக்கே சுரண்டி ஃப்ரீஸருக்கு, பெயர் எழுதி ஒட்டிய தனி டப்பாவில். தொட்டித் தண்ணீர் பக்கிள் ஓடைக்குப் போகாது. வடிகட்டி வாசல் செம்பருத்திக்குப் போகிறது. ஃபைசா முழுசாக ஒழியவில்லை. ஆனால் தீனி குறைந்ததும் தானாகவே குறைந்துவிட்டது. இருபது முப்பது வலம்புரி மட்டும் மிச்சம். ஆப்பிள் நத்தைக் கணக்கில் ஓப்பனிங் ஸ்டாக் 2, உற்பத்தி 131, தள்ளுபடி 131, குளத்தில் விட்டது இல்லை, குளோஸிங் ஸ்டாக் 2. டேலி ஆகிறது.

தாத்தா அன்றைக்குக் கிளம்பவில்லை. தொட்டிக்கு முன்னாலேயே இருந்தார். எக்ஸ்பிரஸ் மெதுவாகக் கண்ணாடியில் ஏறி வந்து, குழாயை நீட்டி, நுனியைத் தண்ணீருக்கு மேலே வைத்துக் காற்று இழுத்தது. ஒரு தரம், இரண்டு தரம், ஐந்தாறு தரம். அவர் கண் எடுக்காமல் பார்த்தார்.

"இந்தா பாரேன்" என்றார். "இதுக்குக் குழாயும் வச்சுல்லா அனுப்பிருக்கான்."

எக்ஸ்பிரஸ் குழாயை மடக்கிக்கொண்டு அடிக்குப் போனது. மறுபடி எப்போது வரும் என்று மகன் கேட்டான். தாத்தா வாயைத் திறக்காமல் மூக்கைப் பிடித்துக் காட்டினார். பந்தயமாம். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நான் முப்பது எண்ணுவதற்குள் விட்டுவிட்டேன். மகன் நாற்பது. எக்ஸ்பிரஸ் அடியில் கல்லைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்தது.

தாத்தா இன்னும் விடவில்லை.